ரம்மில நல்ல கை வந்தும் தோக்குறேன், எதிராளி மனச படிக்கிறது எப்படி?

சீட்டுப்பிரியன் எழுதியது:

வணக்கம் மக்களே. 13 சீட்டு ரம்மி பத்தி ஒரு கேள்வி. ரெண்டு கட்டு, பிரிண்டட் ஜோக்கர் ரெண்டு, அது போக வெட்டி எடுக்குற ஜோக்கர். 5 பேர் ஆடுவோம், காசு எல்லாம் கிடையாது, பாயிண்ட் மட்டும் எழுதி வெச்சுக்குவோம், 101 தொட்டா அவுட். ஸ்கூட் (ஆரம்பத்துலயே கைய போட்டுட்டு ஒதுங்குறது) 20, மிடில் ஸ்கூட் (நடுவுல ஒதுங்குறது) 40, ஃபுல் கவுண்ட் (தோத்தா அதிகபட்சம்) 80.

ரூல்ல எனக்கு சந்தேகம் இல்ல. எங்க செட்ல ஒருத்தர் இருக்கார், அவருக்கு ஒண்ணும் பெருசா சீட்டு வர்றதில்ல (ஆட்டம் முடிஞ்சதும் எல்லாரும் கைய விரிச்சு காட்டுவோம், அதனால தெரியும்), ஆனா கடைசி வரைக்கும் நிக்கிறது அவர்தான். நான் ஒரே ஒரு சீட்டுக்காக காத்துட்டு இருப்பேன், பார்த்தா அது அவர் கைல இருக்கும், அவருக்கு அதனால ஒரு பிரயோஜனமும் இருக்காது, ஆனா போடவே மாட்டார். எப்படிங்க தெரியும்னு கேட்டா "உன் மூஞ்சில எழுதி ஒட்டியிருக்கே"ன்னு சிரிக்கிறார். நிஜமாவே மூஞ்ச பார்த்து கண்டுபிடிக்க முடியுமா? இல்ல கொக்கி போடுறது (சீட்டு போட்டு எதிராளிய ஏமாத்துறது) மாதிரி வேற ஏதாவது டெக்னிக் இருக்கா?

ஒரு கை போடுறேன், நீங்கன்னா என்ன பண்ணுவீங்கன்னு சொல்லுங்க. ஜோக்கர் கிளாவர் 4, அதனால எல்லா 4ம் ஜோக்கர். என் கைல: ஆட்டின் 6, 7, 10, ஏஸ். ஸ்பேடு 5, 9, ஜாக்கி. டைமன் 4, 8, ராஜா. கிளாவர் 2, 9, ராஜா. எல்லாரும் ஜீரோல இருக்கோம், முதல் ஆட்டம். ஆடுவீங்களா, ஸ்கூட்டா?

———

பழைய_கை:

ஸ்கூட். இதுல யோசிக்க என்ன இருக்கு.

ஒரே ஒரு ஜோக்கர், ஒரிஜினல் (ஜோக்கர் கலக்காம, எல்லாம் ஆட்டின் இல்ல எல்லாம் ஸ்பேடுன்னு ஒரே ஜாதில வரிசையா வர்ற சீட்டு) சேரல, எண்ணிப் பார்த்தா 96 பாயிண்ட் வருது, அதாவது இப்பவே ஒருத்தன் ஷோ பண்ணா (எல்லா சீட்டையும் சேர்த்து முடிச்சு காட்டினா) உங்களுக்கு 80. ஆனா எத்தன பேர் இந்த கைய பார்த்துட்டு "ராஜா ரெண்டு இருக்கு, 9 ரெண்டு இருக்கு, 6-7 இருக்கு, ஜோக்கர் வேற இருக்கு, ஒரு சீட்டு வந்தா செட் ஆகிடும்"ன்னு நினைப்பாங்க தெரியுமா. ஒரு சீட்டு இல்ல தம்பி, இதுக்கு குறைஞ்சது நாலஞ்சு சீட்டு வரணும். நம்ம மனசு இருக்கே, அது ஜோடிய பார்த்தா மூணாவது சீட்டு வந்துட்ட மாதிரியே எண்ணிக்கும்.

உங்க செட்ல இருக்குற அந்த ஆள் விஷயம் எனக்கு நல்லாவே புரியுது. 5 பேர் ஆடுற இடத்துல எல்லாரும் ஒரே அளவு திறமைன்னா 5 ஆட்டத்துல ஒண்ணு தான் ஜெயிப்பீங்க. மிச்சம் நாலுல எவ்வளவு கம்மியா தோக்குறீங்கங்கறது தான் ஆட்டமே. 101ல ஒருத்தன் கைல மொத்தமா 5 ஸ்கூட் இருக்கு, அஞ்சும் விட்டா 100, இன்னும் உயிரோட இருப்பான். நீங்க முதல் ஆட்டத்துலயே 80 வாங்கினீங்கன்னா அதுல நாலு ஸ்கூட் போச்சு, மிச்சம் இருக்கறது ஒண்ணே ஒண்ணு, அதையும் விட்டா 100, அதுக்கப்புறம் எவ்வளவு கேவலமான கை வந்தாலும் ஆடியே ஆகணும். அவர் மூஞ்சி படிக்கிறதெல்லாம் இல்ல, பேசாம ஸ்கூட் விட்டுட்டு உக்காந்திருப்பார், நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க. ஸ்கூட் விடுறவன யாரு கவனிக்கிறா.

———

கணக்குப்புள்ள:

பழைய_கை சொல்ற முடிவு சரி, ஆனா "யோசிக்க என்ன இருக்கு"ங்கறத ஒத்துக்க மாட்டேன், இது நல்ல பார்டர் கை.

ஒரிஜினலுக்கு என்ன வழி இருக்குன்னு பாருங்க. ஆட்டின் 6-7க்கு 5 இல்ல 8 வரணும், ரெண்டு கட்டுங்கறதால மொத்தம் 4 சீட்டு. ஸ்பேடு 9-ஜாக்கிக்கு நடுவுல 10 வரணும், அது 2 சீட்டு. ஆக 6. மொத்தம் 106ல உங்க 13, வெட்டின ஜோக்கர் 1, திறந்து வெச்ச சீட்டு 1 போனா நீங்க பார்க்காதது 91. அதுல 6. மூடின கட்டுல இருந்து 5 தடவ எடுத்தாலும் அதுல ஒண்ணு வர்ற வாய்ப்பு 100க்கு 30 கூட இல்ல. முன்னாடி ஆடுறவர் போடுற சீட்டையும் சேர்த்து 10 சீட்டு பார்க்குறீங்கன்னு வெச்சா பாதிக்கு பாதி, ஆனா அவர் கண்ண மூடிட்டு போட மாட்டார்ல, அதனால அதவிட கம்மி தான். வர்ற சீட்டு சேர்ந்து புதுசா வேற ஒரிஜினல் உருவாகலாம், அத நான் இதுல சேர்க்கல.

இப்ப ஸ்கூட் கணக்கு. தோத்தா சராசரியா 50 போகும்னா, 20 குடுத்துட்டு ஒதுங்குறதவிட ஆடுறது லாபமா இருக்க 100ல 60 தடவைக்கு மேல ஜெயிக்கணும். 5 பேர் நடுவுல இந்த கைய வெச்சு அது நடக்காது. இதே ஒரிஜினல் கைலயே வந்திருக்கு, தோத்தாலும் 30 தான் போகும்னா, மூணுல ஒண்ணு ஜெயிச்சாலே போதும். அதனால தான் ஒரிஜினல் இருக்கா இல்லையாங்கறது ஜோக்கர் எத்தனங்கறதவிட முக்கியம். (நாம ஜெயிச்சா மத்தவங்களுக்கு பாயிண்ட் ஏறுமே, அது இந்த கணக்குல வரல, அதனால நிஜத்துல ஆடுற பக்கம் கொஞ்சம் சாயும்.) ரெண்டே பேர் ஆடுறீங்கன்னா இதே கைய நான் ஆடுவேன்.

———

சும்மா_வந்தேன்:

நான் 5 பேர்லயும் ஆடுவேன், தோப்பேன், அப்புறம் சீட்டு கலைச்சவன திட்டுவேன் 😀

———

ராணி13:

கேள்வி கேட்டவர் கிட்ட ஒண்ணு கேக்கணும், அந்த ஆள் உங்களுக்கு முன்னாடி ஆடுறவர் தானே? அதாவது அவர் போடுற சீட்டு உங்களுக்கு தான வரும்?

———

சீட்டுப்பிரியன்:

ஆமாங்க! எப்பவும் அவர் பக்கத்துல தான் எனக்கு இடம். எப்படி கண்டுபிடிச்சீங்க?

———

ராணி13:

ஏன்னா வேற இடத்துல உக்காந்திருந்தா உங்க சீட்ட அவர் பிடிச்சு வெச்சுக்கறதுல அவருக்கு ஒண்ணும் இல்ல. நிறைய பேர் இத யோசிக்கறதே இல்ல, நாம போடுற சீட்ட எடுக்க முடியறது நமக்கு அடுத்து ஆடுறவங்க மட்டும் தான். 5 பேரையும் படிக்கணும்னு நினைச்சா தலை வெடிச்சுடும். அடுத்தவங்களுக்கு என்ன வேணும்னு பாருங்க, அத போடாதீங்க. முன்னாடி ஆடுறவங்க எத வேணாம்னு கழட்டுறாங்கன்னு பாருங்க, அங்க இருந்து உங்களுக்கு வரும். மத்த ரெண்டு பேரும் எந்த வேகத்துல ஷோ பக்கம் போறாங்கன்னு தெரிஞ்சா போதும்.

மூஞ்சி மேட்டருக்கு வர்றேன். அவர் உங்க மூஞ்ச பார்க்கல, நீங்க கீழ இருந்து எடுத்த சீட்ட பார்க்குறார். ஓப்பன்ல (மத்தவங்க வேணாம்னு கீழ போட்டதுல) இருந்து ஒரு சீட்டு எடுத்தா மேஜைல இருக்குற எல்லாருக்கும் உங்க கைல நாலுல ஒரு பங்க காட்டின மாதிரி. ஒரு உதாரணம். நீங்க நாலு சுத்துக்கு முன்னாடி ஸ்பேடு 8ஐ வேணாம்னு போட்டீங்க, இப்ப டைமன் 8ஐ எடுக்குறீங்க. 8 செட்டுக்கா (வேற வேற ஜாதி 8ஆ சேர்க்கறதுக்கா) இருந்தா ஸ்பேடு 8ஐ போட்டிருக்க மாட்டீங்க, அப்ப இது டைமன் சீக்வென்ஸ் (வரிசை). அடுத்த சுத்துல டைமன் 10ஐ போடுறீங்க. அப்ப 8-9-10 இல்ல, 6-7-8 இல்ல 7-8-9. முடிஞ்சுது, இனிமே டைமன் 5, 6, 7, 9 எதுவும் அவர் கைய விட்டு வராது. இதுக்கு மூஞ்சி எதுக்கு?

அதனால ஓப்பன்ல எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்டுக்கோங்க, இது எதையாவது முடிக்குதா, இல்ல பாதி வேலைக்கு தான் எடுக்குறோமா? ஆட்டின் 6-7 இருக்கு, 8 விழுது, எடுங்க, ஒரிஜினல் முடிஞ்சுது, அதுக்கப்புறம் அவர் ஆட்டின் 5ஐயும் 9ஐயும் பத்திரமா பிடிச்சு வெச்சுக்கட்டும், உங்களுக்கு தேவையே இல்லாத சீட்டு அவர் கைல கனமா உக்காந்திருக்கும், நல்லது தான். ஆனா டைமன் 8 மட்டும் தனியா இருக்குன்னு டைமன் 10ஐ எடுத்தீங்கன்னா, 9 கடைசி வரைக்கும் வராது, ரெண்டே ரெண்டு சீட்டு தான் அது, அதையும் நீங்களே காட்டிக் குடுத்துட்டீங்க.

மூஞ்சில வேணா ஒண்ணு ரெண்டு விஷயம் தெரியும். கட்டுல இருந்து எடுத்த சீட்ட மூணு சுத்தா அப்படியே திருப்பி போடுறவங்க கை கிட்டத்தட்ட முடிஞ்சுது, ஒண்ணு ரெண்டு சீட்டுக்கு தான் நிக்கிறாங்க, அத பார்த்த உடனே நீங்க கைல இருக்குற பெரிய சீட்ட எல்லாம் இறக்க ஆரம்பிக்கணும். எத போடுறதுன்னு ரொம்ப நேரம் தடவிட்டு இருந்தா இன்னும் ரெண்டு மூணு வழி திறந்திருக்குன்னு அர்த்தம், அவங்களுக்கு நேரம் ஆகும். நிறைய பேர் எடுத்த சீட்ட சொருகிட்டு அதுக்கு பக்கத்துலயே இருந்து ஒண்ண உருவி போடுவாங்க, பூவ பிரிச்சு வெச்சிருக்குற மாதிரி கைல வரிசையா அடுக்கி வெச்சிருப்பாங்கல்ல, எந்த எடத்துல இருந்து வருதுன்னு பார்த்தாலே எந்த ஜாதின்னு தெரியும். உங்க கைய நீங்க அப்படி வரிசையா அடுக்காதீங்க, அடுக்கினாலும் ஆட்டத்துக்கு ஆட்டம் ஜாதி இடத்த மாத்துங்க. ஆப்ல ஆடினா இதெல்லாம் கிடையாது, போடுற சீட்டு மட்டும் தான் பேசும்.

———

சீட்டுப்பிரியன்:

ராணி13 மேடம், அந்த டைமன் 8 உதாரணம் அப்படியே என்னோட ஆட்டம், நேர்ல பார்த்த மாதிரி சொல்றீங்க. அப்ப கொக்கி போடுறது? எனக்கு 9 வேணும்னா ஒரு 9ஐயே போட்டு ஏமாத்தலாம்னு சொல்றாங்களே.

இன்னொண்ணு, முதல்ல பெரிய சீட்ட கழட்டணும்னு எல்லாரும் சொல்றாங்க, ராஜா ஜோடி இருந்தா கூடவா?

———

ராணி13:

கொக்கி வேலை செய்யும், ஆனா யார் கிட்டங்கறது தான் விஷயம். உங்க கைல ஸ்பேடு 9 ரெண்டு, கிளாவர் 9 ஒண்ணு இருக்குன்னு வைங்க. செட்ல ஒரே ஜாதி ரெண்டு வரக்கூடாது, அதனால ஒரு ஸ்பேடு 9 எப்படியும் வேஸ்ட். அத சீக்கிரமா போடுங்க. பார்க்குற ஆளு "இவருக்கு 9 வேணாம் போல"ன்னு தைரியமா ஆட்டின் 9ஐயோ டைமன் 9ஐயோ கழட்டுவார். இதுல உங்களுக்கு நஷ்டமே இல்ல, எப்படியும் போட வேண்டிய சீட்டு. ஆனா கைல இருக்குற நல்ல ஜோடிய உடைச்சு கொக்கி போடாதீங்க, அது சாமர்த்தியம் இல்ல, சூதாட்டம்.

அப்புறம் நீங்க போடுறத கவனிக்கவே கவனிக்காத ஆள் கிட்ட கொக்கி போட்டு ஒண்ணும் ஆகாது, அவர் பாட்டுக்கு தன் கைய மட்டும் பார்த்து ஆடிட்டு இருப்பார். உங்க அந்த ஆள் கவனிக்கிறவர், அவர் கிட்ட தான் கொக்கி மாட்டும். என்ன, ஒரு தடவ மாட்டினதுக்கப்புறம் அடுத்த தடவ உஷாராகிடுவார், அப்ப நீங்க நிஜமாவே 9 வேணாம்னு போட்டாலும் 9ஐ பிடிச்சு வெச்சுக்குவார். அதுவும் லாபம் தான்.

———

கணக்குப்புள்ள:

ராஜா ஜோடி கேள்விக்கு. ஒரு ஜோடிக்கு காத்திருக்குற சீட்டும் 4 தான் (மத்த ரெண்டு ஜாதி, ரெண்டு ரெண்டு), 6-7 மாதிரி ரெண்டு பக்கமும் திறந்திருக்குறதுக்கும் 4 தான். எண்ணிக்கைல சமம். ஆனா 6-7 ஒரிஜினல் ஆகும், ஜோடி ஆகாது, கூடவே 20 பாயிண்ட் சுமை. ஒரிஜினல் வர்ற வரைக்கும் ராஜா ஜோடிய நான் ரெண்டு மூணு சுத்துக்கு மேல வெச்சுக்க மாட்டேன்.

எல்லாரும் முதல் ரெண்டு மூணு சுத்துல படம் போட்ட சீட்டா கழட்டுவாங்க, அது தெரிஞ்சா அதுலயே ஒரு வழி இருக்கு. உங்களுக்கு ஒரே ஜாதில ஜாக்கி-ராணி வந்திருக்கு, முன்னாடி ஆடுறவர் பயந்தாங்கொள்ளின்னா, முதல் மூணு சுத்துக்குள்ள 10ஓ ராஜாவோ விழ நல்ல வாய்ப்பு. நாலாவது சுத்துக்கு மேல விழலைன்னா அத மறந்துடுங்க, யாரோ பிடிச்சு வெச்சிருக்காங்க.

நடுவுல இருக்குற சீட்டு தான் நல்லது, படம் எல்லாம் வேஸ்ட்டுன்னு ஒரு பேச்சு இருக்கு. அதுவும் பாதி தான் சரி. 7ஐ வெச்சு 5-6-7, 6-7-8, 7-8-9ன்னு மூணு சீக்வென்ஸ் வரும். ராணிக்கும் மூணு தான், 10-ஜாக்கி-ராணி, ஜாக்கி-ராணி-ராஜா, ராணி-ராஜா-ஏஸ். ரெண்டே ரெண்டு வழி இருக்குறது ஏஸ், 2, ராஜா இந்த மூணுக்கு மட்டும். அதனால உங்க கைல முதல்ல போக வேண்டியது தனியா நிக்கிற ஆட்டின் ஏஸ், அதுக்கு துணைக்கு 2ம் 3ம் ராணியும் ராஜாவும் எதுவும் ஆட்டின்ல இல்ல, 10 பாயிண்ட் வேற. கிளாவர் 2ஐ முதல்ல போட்டிருந்தா தப்பு, 2 பாயிண்ட் தான அது, யாரையும் கெடுக்காது, கிடக்கட்டும்.

ஜோக்கருக்கு பக்கத்து சீட்டையும் கவனிங்க. 4 ஜோக்கர்னா நிஜமான 4ஐ எவனும் கீழ போட மாட்டான். அப்ப ஸ்பேடு 5ஐ வெச்சு 3-4-5ஓ 4-5-6ஓ கட்டுறது யாருக்கும் கஷ்டம், அதனால 3, 5 ரெண்டும் மத்ததவிட தைரியமா போடலாம். உங்களுக்கும் அதே தான், 5-6 கைல இருந்தா ரெண்டு பக்கம் திறந்திருக்குன்னு நினைக்காதீங்க, நிஜத்துல 7 பக்கம் மட்டும் தான்.

கடைசியா, கைய வெச்சுக்குறதுல எனக்கு ரொம்ப பிடிச்சது முக்கோணம். ஸ்பேடு 7, ஆட்டின் 7, ஆட்டின் 8 மாதிரி மூணு. கிளாவர் 7, டைமன் 7 நாலு சீட்டு, ஆட்டின் 6, 9 நாலு சீட்டு, ஆக 8 சீட்டுக்கு கதவு திறந்திருக்கு. மூணு சீட்ட வெச்சுக்கிட்டு இதவிட நல்ல காத்திருப்பு இல்ல.

———

பழைய_கை:

கணக்கு எல்லாம் சரி புள்ள, ஆனா மேஜைல உக்காந்தா கணக்கு எங்க ஞாபகம் வருது. நான் பார்த்த வரைக்கும் ரெண்டு எடத்துல தான் எல்லாரும் கவுறாங்க.

ஒண்ணு, மிடில் ஸ்கூட். அஞ்சு சுத்து ஆகிடுச்சு, ஒரிஜினல் வரல, எதிர்ல ஒருத்தன் எடுத்த சீட்டையே திருப்பி போட்டுட்டு இருக்கான், எல்லாருக்கும் தெரியுது அவன் அடுத்த ரெண்டு சுத்துல ஷோன்னு. கைல 65 பாயிண்ட். அப்பவும் 40 குடுக்க மனசு வராது. "முதல்லயே விட்டிருந்தா 20ஓட போயிருக்கும், இவ்வளவு நேரம் ஆடிட்டு இப்ப 40 குடுக்கணுமா"ன்னு ஒரு வீம்பு. அந்த 20 முடிஞ்ச கதை, அத நினைச்சு இப்ப முடிவு எடுக்கக்கூடாது. இப்ப உங்க முன்னாடி இருக்கறது 40ஆ 65ஆங்கறது மட்டும் தான். ஒரிஜினல் கைல இருந்தா வேற, அப்ப மிச்சத்த குறைச்சு குறைச்சு 20க்கு கீழ கொண்டு வந்துடலாம், மிடில் விடாதீங்க.

ரெண்டு, 80 வாங்கின அடுத்த ஆட்டம். வாங்கின சூட்டோட அடுத்த கைய ஸ்கூட் விடணும்னு தெரிஞ்சாலும் விட மாட்டோம், உடனே திருப்பி அடிச்சாகணும்னு ஒரு வெறி. ரெண்டாவது அடி விழறது அங்க தான். நீங்க காசு வெச்சு ஆடலைன்னு சொன்னீங்க, அதுவரைக்கும் புண்ணியம், காசு வெச்சு ஆடுறவங்க வீடு வாசல் போனது இந்த திருப்பி அடிக்கிற வெறில தான், நல்ல ஆட்டக்காரன்னு பேர் வாங்கினவங்களும் அதுல விதிவிலக்கு இல்ல. நான் ஒரு வழக்கம் வெச்சிருக்கேன், ஃபுல் கவுண்ட் வாங்கின அடுத்த ஆட்டத்துல சீட்ட எடுக்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடுவேன், ஒரிஜினல், அது இல்லைன்னா ரெண்டு ஜோக்கர், இதுல ஒண்ணாவது வரலைன்னா ஸ்கூட். சீட்ட பார்த்ததுக்கப்புறம் முடிவு பண்ணா மனசு ஏதாவது ஒரு காரணம் கண்டுபிடிக்கும்.

இதையே எதிராளி மேலயும் திருப்பலாம். 80க்கு மேல இருக்குறவன் ஸ்கூட் விட முடியாது, கம்பல்சரி. அப்ப அவன் ஆடுறான்னு பார்த்து கை நல்லா இருக்கும்னு பயப்படாதீங்க, வேற வழி இல்லாம ஆடுறான். 20, 30 பாயிண்ட்ல இருந்துக்கிட்டு ஒரு ஆள் ஸ்கூட் விடாம ஆடினா அவன் கைய கொஞ்சம் மதிக்கணும்.

———

சும்மா_வந்தேன்:

எங்க செட்ல ஒருத்தன் எப்பவுமே ஸ்கூட் விட மாட்டான், 80 வாங்கிட்டு சிரிப்பான். அவன எப்படி படிக்கிறது? பதில் சொல்லுங்க பார்ப்போம்.

———

ராணி13:

அவர படிக்க வேணாம், அவர் கிட்ட கொக்கியும் வேணாம். நல்ல கையா மட்டும் பார்த்து ஆடுங்க, அவரே 101 தொட்டுடுவார். அவருக்கு அடுத்த இடம் உங்களுதா இருந்தா இன்னும் நல்லது, கைல வர்றத எல்லாம் யோசிக்காம வீசுவார்.

———

சீட்டுப்பிரியன்:

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு நாள் மூஞ்ச உம்முன்னு வெச்சுட்டு ஆடினது தான் மிச்சம் போல 😀 ஒரே ஒரு சந்தேகம், ஷோ காட்டும்போது ஒரே சீட்டு ரெண்டு, உதாரணத்துக்கு ஆட்டின் 7 ரெண்டு இருந்து ரெண்டும் வேற வேற சீக்வென்ஸ்ல இருந்தா ராங் ஷோ ஆகாதுல்ல?

———

கணக்குப்புள்ள:

ஆகாது. ஒரே செட்டுக்குள்ள ஒரே ஜாதி ரெண்டு தடவ வந்தா தான் பிரச்சனை, ஆட்டின் 5-6-7 ஒண்ணு, ஆட்டின் 7-8-9 ஒண்ணுன்னு தாராளமா காட்டலாம். ரெண்டு சீக்வென்ஸ், அதுல ஒண்ணு ஜோக்கர் கலக்காதது, மிச்ச சீட்டு எல்லாம் செட்டாவோ சீக்வென்ஸாவோ சேர்ந்திருக்கணும், அவ்வளவு தான். ஷோ போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவ விரல் வெச்சு எண்ணிடுங்க, ஜெயிச்ச சந்தோஷத்துல 12 சீட்ட மட்டும் அடுக்கிட்டு ஷோ போட்டு 80 வாங்குறவங்க நிறைய பேர்.